இருபத்திரண்டு அடி

தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலிலிருந்து
மாடிப்படி அறையின் சுவர்வரை
இருபத்திரண்டு அடி.
டேப் இல்லை.
பச்சை வாயில் புடவையை விரித்து அளந்தேன்:
ஒரு முழுப் புடவை,
மறுபடி முந்தானையிலிருந்து நாலடி.

கமாலுதீன் ஹார்ட்வேர்ஸில் எதுக்கு என்றார்.
துணி காயப்போட.
அது தெரியுதும்மா, எவ்வளவு வெயிட் தாங்கணும்?
யோசித்ததே இல்லை.
நாங்கள் இரண்டு பேர்
ஈரத்தில் எத்தனை கிலோ?
நைலான் தொய்ஞ்சிடும் என்றார்.
வெறும் கம்பி துருப்பிடிக்கும்,
வெள்ளைச் சட்டையில் காவிக்கோடு விழுந்தால்
எந்த சோப்புக்கும் போகாது.
பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி எட்டு மீட்டர்,
இரண்டு கொக்கி,
இழுத்து முறுக்க ஒரு டர்ன்பக்கிள்.
பழவந்தாங்கல் சப்வே தாண்டும்வரை
டர்ன்பக்கிள் டர்ன்பக்கிள் என்று
சொல்லிக்கொண்டே வந்தாள் ஆதிரை.

டிரில் மெஷின் கீழ்வீட்டு ஸ்டீபன்ராஜுடையது.
நான் வந்து போட்டுத் தரேனே என்றார்.
வேண்டாம் என்றதும் முகம் லேசாகச் சுண்டி,
உள்ளே போய்
கண்ணுக்குப் போடும் கண்ணாடியையும் எடுத்து வந்தார்.

முதல் துளை தப்பு.
பூச்சுக்குப் பின்னால் கான்கிரீட் கம்பி.
மெஷின் கத்தியது, நானும் கத்தினேன்,
எதிர் மாடியில் போன் பேசிக்கொண்டிருந்த பையன்
அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டான்.
நாலு விரல் தள்ளி இரண்டாவது.
செங்கல்.
முழங்கைவரை சிவப்பு மாவு.

மறுமுனையைக் கட்டும்போது
யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும்.
ஒன்பது வயது உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து
ஆதிரை பிடித்தாள்.
விடட்டுமா?
விடாதே.
விடட்டுமா?
விடாதேடி.
விட்டாள்.
என் ஆள்காட்டி விரலில் இப்போதும் அந்தக் கீறல் இருக்கிறது.

பரீட்சைக்கு ஜமுக்காளத்தை நனைத்துப் போட்டோம்.
கம்பி நடுவில் வயிறு தள்ளித் தரையைத் தொட்டது.
ஒன்பது சுற்று முறுக்கினேன்,
ஒரு முழம் ஏறியது.
மிச்சத்துக்கு மாப் கட்டையை முட்டுக்கொடுத்தேன்.

திருவல்லிக்கேணி வீட்டிலும் மாடியில் கொடி இருந்தது.
வேட்டிக்கு வெயில்,
சட்டைக்கு வெயில்,
மிதியடிக்குக் கூட சுவரோரம் வெயில்.
என்னுடையவை குளியலறைக் கதவுக்குப் பின்னால்
ஆணியில்,
துண்டுக்கு அடியில்.
ஏழு வருஷம்.
வெயில் பார்க்காத துணிக்கு ஒரு வாடை உண்டு.
ஐப்பசி மழையில் நெரிசலான பஸ்ஸில்
பக்கத்தில் நிற்பவளுக்கும் தெரியுமோ என்று
கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன்.
அரிப்புக்கு டாக்டர் களிம்பு எழுதினார்.
நல்லா காயவெச்சுப் போடுங்க என்றார்.
சரி என்றேன்.
எங்கே என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி.
யூனிஃபார்ம், சுடிதார், தலையணை உறைகள்.
அப்புறம்,
மேலே எதையும் போர்த்தாமல்,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப்,
மூன்று பிரா, நாலு ஜட்டி.
அம்மா, எல்லாரும் பாப்பாங்க.
யாரு?
இருவரும் சுற்றிப் பார்த்தோம்.
பையன் எப்போதோ உள்ளே போயிருந்தான்.
டிஷ் ஆன்டெனாவில் ஒரு காக்கா.
அப்போதுதான் மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைக்கு மேலே,
ஜன்னல் ஜன்னலாக.
ஆதிரை முகத்தை மூடிக்கொண்டாள்,
பிறகு ஒரு கையை எடுத்து
டாட்டா காட்டினாள்.

அது போன பிறகும்
கம்பி கொஞ்சநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டரைக்கெல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.
எடுக்கவில்லை.
கடல்காற்று வந்து
எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கும்வரை விட்டிருந்தேன்.

ஒரு தலையணை உறையில் மட்டும் காக்கா எச்சம்.
துவைத்து மறுபடி போட்டேன்.
இடம் இருந்தது.